தாடியை வீட்டிலேயே சீராகப் பேணும் முறை

கார்த்திகை முதல் நாள் மாலை போட்டு, 41 நாள் விரதம் முடித்து மலையிறங்கி வந்த பின்பு, முகத்தில் வளர்ந்திருக்கும் தாடியை எடுத்துவிட மனம் வராமல் வைத்துக்கொண்டவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர் உண்டு. மனைவி கருவுற்றிருந்த மாதங்களில் சவரம் செய்யாமல் இருந்து, குழந்தை பிறந்த பிறகும் அதையே தொடர்ந்தவர்களும் உண்டு. நானும் விரதத் தாடியில் தொடங்கியவன்தான். விரதக் காலத்தில் தாடியில் கத்தி படக்கூடாது என்பதால் அதைப் பராமரிக்கும் பேச்சே எழுவதில்லை. விரதம் முடிந்து, இதை இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும்போதுதான் அரிப்பும் பொடுகும் ஒழுங்கற்ற ஓரங்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அலுவலகத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஏற்றபடி, இரண்டு விரல் அளவைத் தாண்டாத ஒரு தாடியை, நம் வெயிலிலும் வியர்வையிலும் உப்புத் தண்ணீரிலும் வீட்டிலேயே எப்படிப் பேணுவது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தாடி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் முடியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எந்த எண்ணெய் தடவினால் அடர்த்தியாகும், எந்த அளவில் வெட்டினால் முகத்துக்குப் பொருந்தும் என்பவையே அவர்கள் கேட்கும் கேள்விகள். ஆனால் இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் கண்டவரை, தாடியில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி முடிக்கு அடியில் மறைந்திருக்கும் தோலில்தான் தொடங்குகிறது. வெறும் முகத்தில் ஒரு பரு வந்தாலும் உடனே கண்ணில் படும். தாடிக்கு அடியில் செதில் உதிர்ந்தாலும், வியர்வை தேங்கினாலும், சோப்பு மிச்சம் தங்கினாலும் சில வாரங்கள் கழித்தே தெரியவரும். ஆகவே கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் செய்யும்போது, விரல் நுனி தோலைத் தொடுகிறதா என்பதை மட்டும் மறவாமல் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஒரு மாதம்

தாடி முடி ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளரும். எனவே 41 நாளில் ஒன்றே கால் முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளர்ந்திருக்கும். இந்த அளவு வருவதற்கு முன்பே பலரும் பொறுமை இழந்து எடுத்துவிடுவதற்குக் காரணம் அரிப்பு. பிளேடால் மழிக்கப்பட்ட முடியின் நுனி சாய்வாகவும் கூர்மையாகவும் இருக்கும். அது சற்றே வளர்ந்து வளையும்போது பக்கத்துத் தோலைக் குத்துகிறது. இரண்டாவது வாரத்தில் இது மிகும், நான்காவது வாரத்துக்குள் பெரும்பாலும் தானாகத் தணிந்துவிடும். அதுவரை நாள்தோறும் வெந்நீரில் அல்லாமல் சாதாரண நீரில் முகத்தைக் கழுவி, ஈரம் முழுவதும் உலர்வதற்குள் இரண்டு சொட்டு எண்ணெயையோ வாசனை சேராத மாய்ஸ்சரைசரையோ தோலில் படும்படி தடவி வந்தால் போதும். நகத்தால் சொறிவதை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சொறிந்த இடம் புண்ணாகி, மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் வைக்க அதுவே வழி செய்துவிடும்.

அடிக்கடி மழித்தால் தாடி அடர்த்தியாக வளரும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928ஆம் ஆண்டிலேயே இதை ஆராய்ந்து, சவரம் செய்வதால் முடியின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதினார். வெட்டிய நுனி, தானாக வளர்ந்த நுனியைப் போல மெலிந்து முடியாததால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. தாடியின் அடர்த்தியைத் தீர்மானிப்பவை பரம்பரையும், ஆண்மை ஹார்மோன்களுக்கு அந்தந்த மயிர்க்கால் எந்த அளவுக்கு இசைந்து வளர்கிறது என்பதும்தான். இருபது வயதில் கன்னத்தில் இடைவெளி இருந்த பலருக்கு முப்பதை நெருங்கும்போது அது நிறைந்துவிடுவதைப் பார்க்கலாம். ஆகவே முதல் மாதத்தில் எங்கேயும் டிரிம்மரை வைக்காமல், முழுத் தாடியும் எந்த வடிவில் வருகிறது என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே வடிவத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டும்.

கழுவுவதில்தான் பாதி வேலை இருக்கிறது

குளிக்கும் சோப்பையே தாடிக்கும் போடுவது நம் எல்லோரிடமும் உள்ள பழக்கம். சோப்பு காரத்தன்மை உடையது. நம் தோலோ இலேசான அமிலத்தன்மை உடையது. அது போதாதென்று, போர் தண்ணீர் வரும் வீடுகளில் அந்த நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெள்ளைப் படிவமாகி முடியில் ஒட்டிக்கொள்கின்றன. குளியலறை வாளியின் உட்புறத்தில் விரலால் வழித்தால் வரும் அந்த மாவு போன்ற பொருள்தான் தாடிக்குள்ளும் தங்குகிறது. தாடி விறைத்து, மங்கி, தொட்டால் தேங்காய் நார் போலத் தோன்றுவதற்கு முடியின் இயல்பைக் குறை சொல்வதற்கு முன், குழாயில் வரும் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஷாம்பூவுக்கு உப்புத் தண்ணீரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, காரம் குறைந்த ஒரு ஷாம்பூவை உள்ளங்கையில் நீரோடு குழைத்து, தாடியின் மேற்பரப்பில் பூசாமல், விரல்களை முடிக்குள் நுழைத்து, கன்னத்தோல், முகவாயின் அடிப்பகுதி, கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம் ஆகிய இடங்களில் விரல் நுனியால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கீழுதட்டுக்குக் கீழேயும் தாடை எலும்பின் அடியிலும்தான் செதில் அதிகம் தங்குகிறது. அவசரக் குளியலில் நாம் விட்டுவிடும் இடங்களும் அவையே. அலசுவதற்கு ஒரு குவளை போதாது, மூன்று குவளையாவது வேண்டும். கடைசிக் குவளைக்கு மட்டும் காவிரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ, அதுவும் இல்லையெனில் ஆர்.ஓ. நீரோ பயன்படுத்திப் பாருங்கள். இரண்டே வாரத்தில் முடியின் மென்மையில் வேறுபாடு தெரியும். ஷாம்பூ போடாத நாட்களில் வெறும் நீரில் நன்றாக அலசினாலே போதுமானது. நாள்தோறும் ஷாம்பூ போட்டால் தோலின் இயற்கையான எண்ணெய்ப்பசை போய், வறட்சியில் புதிதாக அரிப்பு கிளம்பும்.

சீயக்காயும் கொங்குப் பக்கத்து அரப்பும் தாடிக்கு ஆகுமா என்று சிலர் கேட்பார்கள். ஆகும், ஆனால் தூளை அப்படியே தேய்த்தால் துகள்கள் தாடிக்குள் தங்கி உறுத்தும், கண்ணும் மிக அருகில் இருக்கிறது. தூளை நீரில் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, அந்த நீரை மட்டும் பயன்படுத்துவதே சரி.

கழுவியபின் துண்டால் அழுத்தித் தேய்த்துத் துவட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈரமான முடி நெகிழ்ந்து, எளிதில் அறுந்துபோகும் நிலையில் இருக்கும். பழைய பருத்தித் துண்டை அல்லது வேட்டித் துணியைத் தாடியின் மேல் வைத்து ஒற்றியெடுத்து, ஐந்து நிமிடம் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் போதும். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்கள் ஈரத் தாடியோடு ஹெல்மெட் மாட்டக்கூடாது. நாடாவை இறுக்கிய இடத்தில் வியர்வையும் ஈரமும் சேர்ந்து தோல் வெந்துபோகும். ஹெல்மெட்டின் உள்துணியையும் நாடாவையும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை துவைத்துக் காயவைப்பதும் தாடிப் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

எண்ணெய்: எவ்வளவு, எது, எப்போது கூடாது

எண்ணெய் தாடியை வளர்ப்பதில்லை. முடியை மென்மையாக்கி, உடையாமல் காத்து, அடியிலுள்ள தோல் வறண்டுவிடாமல் தடுப்பதே அதன் பணி. ஒரு விரல் அகலத் தாடிக்கு மூன்று அல்லது நான்கு சொட்டு போதுமானது. அதை உள்ளங்கையில் விட்டு, இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கி, முதலில் விரல் நுனிகளால் தோலிலும், பிறகு கையில் மிச்சமிருப்பதை முடியின் மேலும் தடவ வேண்டும். தடவியபின் ஒரு வெள்ளைக் காகிதத்தைத் தாடியில் ஒற்றிப் பார்த்தால், கறை தெரியுமளவுக்கு எண்ணெய் இருந்தால் அது மிகுதி என்று பொருள். நம் ஊர்ப் புழுதியும் புகையும் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடியின் உள்ளே ஊடுருவும் தன்மை உடையது, ஆகவே முடிக்கு மிகவும் நல்லது. ஆனால் முகப்பரு அடிக்கடி வரும் தோலில் அது துவாரங்களை அடைக்கக்கூடும். அத்தகையவர்களுக்கு ஜோஜோபா எண்ணெய் பொருந்தும்; பெயரில் எண்ணெய் என்றாலும் அது உண்மையில் ஒரு திரவ மெழுகு, நம் தோலில் சுரக்கும் எண்ணெயில் உள்ள மெழுகோடு ஒத்தது. பாதாம் எண்ணெயும் இலேசானது. விளக்கெண்ணெய் மிகவும் கெட்டியானது. முறுக்கிய மீசையை நிறுத்திவைக்க ஒரு துளி உதவும், தாடி முழுவதும் தடவினால் பிசுக்கு போவதற்கே இரண்டு முறை ஷாம்பூ போட வேண்டியிருக்கும்.

பொடுகு இருக்கும் தாடிக்கு எண்ணெய் தடவக்கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் செதில் உதிர்வதைக் கண்டவுடன் அதை வறட்சி என்று எண்ணி எண்ணெயைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நானும் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படிச் செய்து, கன்னம் சிவந்து, சட்டைக் காலரில் மஞ்சள் நிறச் செதில் விழும்வரை கொண்டுபோய்விட்டேன். எல்லோருடைய தோலிலும் இயல்பாக வாழும் மலசேசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டு பெருகுவது. நாம் தடவும் எண்ணெய் அதற்கு மேலும் உணவாகிறது. உதிரும் செதில் வெள்ளையாகவும் உலர்ந்தும் இருந்தால் அது வறட்சியாக இருக்கலாம். மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்து, அடித்தோல் சிவந்து, மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் அதே செதில் தெரிந்தால், எண்ணெயை நிறுத்திவிட்டுக் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பூவைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக வாரத்துக்கு இரு முறை, நுரையைத் தாடிக்குள் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவைத்து அலசும்படி இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குச் சொல்வார்கள். போட்டவுடன் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்யாது.

சீப்பு

வேப்பமரச் சீப்போ வேறு மரச் சீப்போ, பற்கள் அகலமாக உள்ளதாக ஒன்று போதும். மலிவான பிளாஸ்டிக் சீப்பின் பல்லிடுக்கில் அச்சிலிருந்து வந்த மெல்லிய விளிம்பு நிற்கும். அதை விரலால் உணர முடியும், அதுவே முடியைப் பிய்க்கிறது. முதலில் நுனியிலிருந்து சிக்கெடுத்து, அதன்பின் கழுத்திலிருந்து முகவாய் நோக்கி மேல்முகமாக ஒருமுறை சீவி, இறுதியாகக் கீழ்முகமாகப் படிய வைக்க வேண்டும்.

வெட்டுதல்

தாடியை உலர்ந்த பின்பே வெட்ட வேண்டும். ஈரத்தில் முடி நீண்டும் படிந்தும் நிற்கும். அப்போது அளவாக வெட்டியது உலர்ந்ததும் சுருண்டு மேலேறி, நினைத்ததைவிடக் குட்டையாகிவிடும். டிரிம்மரில் மாட்டும் சீப்பு எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை நீளம் மிஞ்சும். முதல்முறை வெட்டும்போது, உங்கள் மனத்தில் உள்ள அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதான சீப்பையே மாட்டுங்கள். முடி வளரும் திசையிலேயே ஓட்டினால் சற்று நீளமாகவும், எதிர்த்திசையில் ஓட்டினால் அதே சீப்பில் குட்டையாகவும் வெட்டும் என்பதால், ஒரு கன்னத்தில் எந்தத் திசையில் ஓட்டினீர்களோ அதே திசையில்தான் மறு கன்னத்திலும் ஓட்ட வேண்டும்.

கழுத்துக் கோடுதான் வீட்டில் வெட்டுபவர்கள் மிகுதியாகப் பிழை செய்யும் இடம். விரதம் முடிந்த முதல் ஆண்டு, ஒரு கல்யாணத்துக்கு முந்தின இரவு, நான் தலையை நன்றாக அண்ணாந்து வைத்துக்கொண்டு, தாடை எலும்பு தெரிந்த இடத்திலேயே கோடு போட்டுக் கீழே உள்ளதை எல்லாம் மழித்துவிட்டேன். தலையைத் தாழ்த்தியபோது கோடு முகவாயின் மேலேறி நின்றது. பேசும்போதும் சிரிக்கும்போதும் தாடிக்குக் கீழே வெளிறிய சதை தனியாகத் தெரிந்தது. மறுநாள் காலையில் எங்கள் தெருமுனைச் சலூனில் இருந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, என் தலையை நேராக நிமிர்த்திப் பிடித்து, குரல்வளை மேட்டின் மேல் தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் படுக்கையாக வைத்து, “இந்த ரெண்டு விரலுக்கு மேலதான் தம்பி கோடு வரணும், அதுக்கு மேல ஏறவே கூடாது” என்றார். அன்றிலிருந்து அந்த அளவு எனக்குத் தவறியதில்லை.

அதைச் செய்யும் முறை இது. கண்ணாடிக்கு நேராக, பார்வையைச் சமமாக வைத்து நில்லுங்கள். குரல்வளை மேட்டுக்கு மேல் இரண்டு விரல் வைத்து, மேல்விரலின் மேல் விளிம்பு தொடும் இடத்தைக் கோட்டின் நடுப்புள்ளியாகக் கொள்ளுங்கள். கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்கு ஒன்றரை விரல் சரியாக வரும். அங்கிருந்து இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்து, தாடை எலும்பு திரும்பும் மூலைக்குச் சற்றுக் கீழாகச் சென்று, காது மடலின் பின்புறத்தில் முடியும் ஒரு தொட்டில் வளைவை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். சீப்பைக் கழற்றிய டிரிம்மரால் நடுவிலிருந்து தொடங்கி வலமும் இடமுமாகச் சிறிது சிறிதாக எடுத்து, ஒவ்வொரு முறையும் தலையை நேராக்கிப் பார்த்துக்கொண்டே செல்ல வேண்டும். கோட்டுக்குக் கீழே உள்ளதை மட்டும் மழித்துவிட்டு, கோட்டையொட்டிய ஒரு விரல் அகலத்தை முழுத் தாடியைவிடச் சிறிய சீப்பால் ஒருமுறை ஓட்டினால், தாடி கத்தரித்து ஒட்டியதுபோல் இல்லாமல் கழுத்தில் இயல்பாகக் கரையும்.

கன்னக் கோட்டில் கை வைப்பது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கிருதாவிலிருந்து மீசை நுனிவரை இயற்கையாக உள்ள வளைவை விட்டுவிட்டு, அதற்கு மேலே தனித்தனியாக நிற்கும் முடிகளை மட்டும் எடுங்கள். இரு பக்கமும் சமமாக்கப் போய் மாறி மாறி எடுத்துக்கொண்டே இறங்கினால், கடைசியில் தாடி தாடையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாருடைய முகமும் இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை.

மீசையை வாய் இயல்பாக மூடியிருக்கும்போது கீழே சீவிவிட்டு, சிறிய கத்தரியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மேலுதட்டின் விளிம்பை ஒட்டி வெட்டுங்கள். சிரித்தபடி வெட்டினால் உதடு இழுபட்டு, பின்னர் இடைவெளி தெரியும். சாம்பாரும் ரசமும் மோரும் தினமும் சாப்பிடும் நமக்கு உதட்டுக்கு மேல் விழும் முடியை வாரம் ஒருமுறை எடுப்பது வசதி. சாப்பிட்டபின் மீசையையும் முகவாயையும் நீர் தொட்டுத் துடைத்துவிட்டால் மஞ்சள் கறையும் வாடையும் தங்காது. நீளமான தாடியில் அங்கங்கே துருத்தி நிற்பவற்றைச் சீப்பில் ஏந்தி, சீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை மட்டும் கத்தரியால் எடுக்கலாம்.

கழுத்தில் மழிக்கும்போது

கழுத்து முடி ஒரே திசையில் வளர்வதில்லை. விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் வழுவழுப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே ரேசரை ஓட்டுங்கள். எதிர்த்திசையில் ஒட்ட மழித்தால், சுருள் முடி உள்ளவர்களுக்கு முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து, கறுத்த முடிச்சுகளாக நிற்கும். அப்படி வந்தால் ஊசியால் கிளறாமல், சில வாரங்கள் ரேசரை நிறுத்திவிட்டு டிரிம்மரை மட்டும் பயன்படுத்த வேண்டும். சவரத்துக்குப் பின் படிகாரத்தை நனைத்துத் தடவுவது சிறு கீறலில் கசியும் இரத்தத்தை நிறுத்தும், ஆனால் தோலை உலர்த்திவிடும் என்பதால் கழுவிவிட்டு மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்ளுங்கள். ரேசரையும் பிளேடையும் வீட்டில் உள்ளவர்களோடுகூடப் பகிர்ந்துகொள்ளக் கூடாது; ஹெபடைடிஸ் பி, சி ஆகியவை கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியில் பரவக்கூடியவை.

டிரிம்மரை ஒவ்வொரு முறையும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து, மாதம் ஒருமுறை பல்லில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டு, சில விநாடி ஓடவிட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது. குளிரில் உறைந்தும் நாளடைவில் பிசினாகியும் பற்களைப் பிடித்துக்கொள்ளும். முடியை வெட்டாமல் இழுக்கத் தொடங்கிய டிரிம்மரைத் தொடர்ந்து பயன்படுத்தினால் மயிர்க்கால் புண்ணாகும்.

நரையும் இடைவெளியும்

நரைக்குச் சாயம் பூசுவோர், பெட்டியில் மூலிகை என்று எழுதியிருந்தாலும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, முழங்கை மடிப்பில் சிறிது தடவி 48 மணி நேரம் காத்திருந்த பின்பே முகத்தில் பூச வேண்டும். அது ஒவ்வாத சிலருக்கு முகம் கண் மூடுமளவுக்கு வீங்கிவிடும்.

கன்னத்தில் இடைவெளி தெரிந்தால், தாடியைக் குட்டையாக வைப்பதே பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. மினாக்சிடில் பூசினால் தாடி வளரும் என்று இப்போது இளைஞர்களிடம் பேச்சு பரவியிருக்கிறது. முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இருந்து, பின்பு தலைமுடிக்கான பூச்சு மருந்தானது அது. தாடிக்கென்று ஒப்புதல் பெற்றதன்று. படபடப்பு போன்ற விளைவுகளும் உண்டாகலாம் என்பதால் தோல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. பூனை வளர்க்கும் வீட்டில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்; அம்மருந்து பூனைக்கு நஞ்சு.

இயல்பான இடைவெளி வேறு, புழுவெட்டு வேறு. நன்றாக இருந்த தாடியில் திடீரென ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழுவழுப்பாக முடி உதிர்ந்தால், அது உடலின் எதிர்ப்பாற்றல் தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. புழு எதுவும் அங்கே இல்லை. சின்ன வெங்காயத்தைத் தோல் புண்ணாகும்வரை தேய்ப்பதைவிட, மருத்துவரிடம் காட்டினால் அந்த இடத்தில் ஊசி மருந்து போடுவது போன்ற நல்ல சிகிச்சைகள் உண்டு. வளையமாகப் பரவும் சிவப்புத் தடிப்போ, தொட்டால் வலிக்கும் சீழ்க்கட்டிகளோ, இழுத்ததும் வலியின்றிக் கையோடு வரும் முடியோ தெரிந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். அதற்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பல ஸ்டீராய்டு சேர்ந்தவை. முதல் வாரம் சிவப்பு அடங்கியதுபோல் காட்டி, பிறகு பூஞ்சையை ஆழமாகப் பரவவிடும். எந்தக் களிம்பையும் தடவாமல் அப்படியே போய்த் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், வீட்டில் பயன்படுத்திய ரேசரைத் தூக்கி எறிந்துவிடுங்கள், தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.